தேய்ந்த பக்கம், தேயாத பக்கம்

உறையில் பச்சை பெயின்ட்டில் ‘114’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். பக்கத்தில் ஊர்ப் பெயரோடு ஓர் ஒலிபெருக்கி நிலையத்தின் ரப்பர் ஸ்டாம்ப். ஓரங்களில் பழுப்பேறிய காகித டேப். உள்ளே தட்டின் நடு லேபிளிலும் அதே 114, இந்த முறை பால்பாயின்ட் பேனாவில். பழைய சாமான் கடையில் இப்படி ஒன்று கையில் அகப்பட்டால் முகம் சுளித்துக் கீழே வைத்துவிடாதீர்கள். அது மைக் செட் ரெக்கார்டு.

ஒரு வீட்டுக்காகச் சுழன்ற தட்டு இல்லை அது, ஊருக்கே சுழன்றது. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, அம்மன் கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று மரப்பெட்டிக்குள் குலுங்கிக் குலுங்கிப் போய், தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கர் வழியாகப் பக்கத்து ஊர் வரைக்கும் பாடியது. கேசட் வந்ததும் பரணுக்குப் போனது. மைக் செட்காரரின் பிள்ளைகள் பரணைக் காலி செய்த நாளில் எடைக்குப் போடப்பட்டு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

மேலைநாட்டுச் சேகரிப்பாளர்கள் பழைய ரெக்கார்டுகளுக்கு ஒரு தர வரிசை வைத்திருக்கிறார்கள். ‘மின்ட்’ என்றால் கை படாதது. அடுத்து ‘நியர் மின்ட்’, ‘வெரி குட் பிளஸ்’, ‘வெரி குட்’ என்று இறங்கும். ‘குட்’ ஏறக்குறைய கடைசிப் படி; பெயரில் மட்டும்தான் குட். இணையத்தில் விற்கும் நம்மூர்க்காரர்களும் இதையே அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த அளவுகோலைத் தமிழ் சினிமா ரெக்கார்டின் மேல் வைத்தால் பாதிக்கு மேல் தேறாது. அறுபது எழுபதுகளில் நம் ஊரில் எத்தனை வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இருந்தது? பெரும்பாலானவர்கள் பாட்டுக் கேட்டது இலங்கை வானொலியில், டீக்கடையில், கல்யாணப் பந்தலில். ஊரே சேர்ந்து கேட்ட தட்டை ஒருவர் மட்டும் உட்கார்ந்து கேட்ட தட்டோடு ஒப்பிட்டு மார்க் போடுவது சரியில்லை என்பது என் கட்சி.

தேய்மானத்தைக் குறையாகப் பார்ப்பதை விட்டுவிட்டு, கொஞ்சம் படித்துப் பாருங்கள். 1962-இல் வந்த ‘சாரதா’ படத்தில், புகுந்த வீட்டுக்கு வரும் மணமகளை வரவேற்கும் பாட்டு ஒன்று உண்டு. கே.வி. மகாதேவன் இசை. அது இல்லாமல் கல்யாண வீடு கிடையாது என்ற காலம் இருந்தது. அந்தப் பாட்டு இருக்கும் மைக் செட் தட்டை ட்யூப்லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தால் பாட்டு ஓடும் இடம் மட்டும் சாம்பல் பூத்திருக்கும். திருப்புங்கள்: மறுபக்கம் கன்னங்கரேலென்று மின்னும். பிள்ளையார் பாட்டில் விழா தொடங்கும் வழக்கத்தால் சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாடல் தட்டுகளுக்கும் இதே கதி. ‘திருவிளையாடல்’ (1965) வசனத் தட்டு கிடைத்தால், தருமி புலம்பும் இடம் எது என்று ஓட்டிப் பார்க்காமலே கண்ணால் கண்டுபிடித்துவிடலாம்.

எனவே மைக் செட் தட்டு வாங்குகிறவருக்கு என் யோசனை, மறுபக்கத்துக்காக வாங்குங்கள். ஊர் திருப்பிப் போடாத பக்கத்தில் சுசீலாவோ பி.பி. ஸ்ரீநிவாஸோ நேற்றுப் பதிவு செய்ததுபோல் உட்கார்ந்திருப்பார்கள். எந்த வானொலியும் அடிக்கடி போடாத, யாரும் முணுமுணுக்காத பாட்டுகள் அவை. அவற்றில் சில, ஊர் தலையில் வைத்துக் கொண்டாடிய முதல் பக்கத்தைவிட நல்ல பாட்டுகள்.

அரக்கிலிருந்து பிளாஸ்டிக்குக்கு

கையில் இருப்பது எந்த வகைத் தட்டு என்று தெரியாமல் துணியை எடுக்கக் கூடாது என்பதால் கொஞ்சம் சரித்திரம்.

1902 நவம்பர் 11-ஆம் தேதி கல்கத்தாவில் ஒரு ஹோட்டல் அறையில் ஃபிரெட் கைஸ்பர்க் என்ற ஒலிப்பதிவாளர் பாடகி கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். பாடி முடித்ததும் அவர் தன் பெயரைச் சொல்லிக் கூவுவார். தற்பெருமை ஒன்றும் இல்லை. தட்டு அச்சாவது ஜெர்மனியின் ஹானோவரில். அங்கே இருப்பவருக்கு இது யார் குரல் என்று தெரிய வேண்டுமே. 1908-இல் கல்கத்தா சியால்டாவில் ஆலை வந்தது, 1928-இல் டம்டமுக்கு மாறியது. அதன்பின் நாய் படம் போட்ட எச்.எம்.வி., கொலம்பியா என்று நம் வீடுகளுக்கு வந்த தட்டுகளில் பெரும்பாலானவை டம்டம் சரக்கு. சென்னையில் ஏ.வி. மெய்யப்பன் படம் எடுக்க வருவதற்கு முன்னால் நண்பர்களோடு சேர்ந்து நடத்திய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஓடியன் ரெக்கார்டுகளைக் கொண்டுவந்தது. ஏவிஎம் என்ற மூன்றெழுத்துக்கு முதல் போட்டதே இந்தத் தட்டுதான்.

அந்தக் காலத்து 78 வேகத் தட்டு பிளாஸ்டிக் அல்ல. அரக்குப் பூச்சி சுரக்கும் அரக்கோடு கல்பொடியும் கரியும் கலந்து அழுத்திச் செய்தது. பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம். பாட்டு நீளமென்றால் திருப்பிப் போட்டுத்தான் மீதியைக் கேட்க வேண்டும். கல்பொடி வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. எஃகு முள்ளை அது அராவி, பள்ளத்தின் வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதனால்தான் கிராமபோன் பெட்டியோடு முள் டப்பா ஒன்று கூடவே இருந்தது: ஒரு பக்கம் ஓடியதும் முள்ளை மாற்ற வேண்டும். சிக்கனக்காரர்கள் மாற்றவில்லை, அவர்கள் வீட்டுத் தட்டுகளைப் போட்டால் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம் கேட்கும்.

1948-இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் வினைல் பிளாஸ்டிக்கில் 33⅓ வேக எல்.பி.யைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் ஆர்.சி.ஏ. 45 வேகச் சிறு தட்டைக் கொண்டுவந்தது. நம் ஊரில் 45 வேகத்தில் பக்கத்துக்கு இரண்டு பாட்டு அடைத்த ஈ.பி.தான் சினிமா ரசிகனின் தட்டு. படத்துக்கு நாலு பாட்டு, கைக்கடக்கமான விலை. எழுபது எண்பதுகளில் எல்.பி. பரவியது. ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான முதல் தமிழ்ப் படமாகச் சொல்லப்படும் ‘பிரியா’ 1978-இல் வந்தது. எக்கோ லேபிளில் வந்த இளையராஜா தட்டுகளை இன்றைக்கு இளைஞர்கள் போட்டி போட்டுத் தேடுகிறார்கள். அந்தத் தட்டுகள் வந்துகொண்டிருந்தபோதே கேசட்டும் கழுத்தைப் பிடித்துவிட்டது.

எங்கே கிடைக்கும்?

சென்னைக்காரர்கள் இந்தக் கேள்விக்குப் பெருமூச்சு விட்டுத்தான் பதில் சொல்வார்கள். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகத்தோடு பழைய ரெக்கார்டும் கிடைத்தது. 1985 மே 30-இல் அது எரிந்துபோனது. கடைக்காரர்களில் பலர் பிறகு பக்கத்திலேயே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். இன்றைக்கு இந்தத் தொழில் பெரும்பாலும் வீடுகளிலிருந்தும் போன்களிலிருந்தும் நடக்கிறது. மும்பையில் சோர் பஜார், கொல்கத்தாவில் ஃப்ரீ ஸ்கூல் தெரு இரண்டிலும் தமிழ்த் தட்டு எப்போதாவதுதான் தலை காட்டும். ஆனால் அதன் அருமை அங்கே தெரியாததால் மலிவாகக் கிடைக்கும்.

உள்ளூரில் மூன்று வழி. இடித்துக் கட்டப்போகும் பழைய வீடுகள் ஒன்று. மூடிவிட்ட மைக் செட் கடைகள் இன்னொன்று. மூன்றாவது, ரொம்பப் பேர் மறந்துவிடுவது: காயலாங்கடை, பழைய பேப்பர் கடை. கடைசி இரண்டில் ‘ஆன்டிக்’ என்ற வார்த்தையை நீங்கள் வாய் தவறியும் உச்சரிக்கக் கூடாது. உச்சரித்த நிமிடத்தில் விலை ஏறும்.

அரிய தட்டு என்று சொல்லப்படுவதையும் அப்படியே நம்ப வேண்டாம். எம்.எஸ். சுப்புலட்சுமியின் 1963 சுப்ரபாத எல்.பி.யை ‘ரேர்’ என்று விற்கிறார்கள். தமிழ்நாட்டில் பழைய ரெக்கார்டு இருக்கும் வீட்டில் அது இல்லாமல் இருந்தால்தான் ரேர். அதன் உரிமைத்தொகை திருப்பதி தேவஸ்தானத்துக்குப் போகும்படி எம்.எஸ். ஏற்பாடு செய்தார், விடிந்தால் எத்தனையோ வீடுகளில் அது சுழன்றிருக்கிறது. தேயாத பிரதி கிடைத்தால் மட்டும் விலை கொடுங்கள்.

கறை போகும், காயம் போகாது

வாங்குமுன் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான். தூசி, பூஞ்சை, விரல் ரேகை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் மேலே ஒட்டியவை, கழுவினால் போகும். பள்ளத்தின் சுவரையே முள் செதுக்கியிருந்தால் எதுவும் செய்ய முடியாது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக, படலமாகத் தெரிந்தால் அழுக்கு. பள்ளத்தோடு பள்ளமாக, சீராகச் சாம்பல் நிறம் ஓடினால் தேய்மானம். தலைமயிர் போன்ற கீறலைக் கண்டு பயப்பட வேண்டாம், அதில் பாதி காதில் விழாது. நகத்தை மெல்ல ஓட்டும்போது தட்டுப்படுகிற கீறல்தான் டிக் டிக்கென்று ஒவ்வொரு சுற்றுக்கும் குதிக்கும்.

பளபளவென்று கண்ணைப் பறிக்கும் தட்டைத்தான் நான் அதிகம் சந்தேகப்படுவேன். விற்பதற்காகச் சிலர் எண்ணெய் தடவித் துடைத்து வைப்பதுண்டு. வெயிலில் காய்ந்து அப்பளம்போல் நெளிந்த தட்டை இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவில் வைத்து நிமிர்த்தலாம் என்பார்கள். லேசான நெளிவென்றால் பலிக்கும், மற்றது காசுக்குக் கேடு.

இப்போது கழுவுவோம். குழாய்த் தண்ணீர் வேண்டாம். சென்னையின் உப்புத் தண்ணீர் காய்ந்தால் பள்ளத்துக்குள் உப்பு பூக்கும், பிறகு அதுவே இரைச்சல். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டர் போதும். ஒரு லிட்டருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. நுரை பொங்கினால் அதிகம் என்று அர்த்தம். மேசையில் டர்க்கி டவலை மடித்துப் போட்டு அதன்மேல் தட்டை வையுங்கள். லேபிள் நனையக் கூடாது. காகிதம் ஊறிச் சாயம் போய்விடும், அதில் இருக்கும் எண்ணும் போய்விடும். லேபிள் அளவுக்கு ஒரு டப்பா மூடியைக் கவிழ்த்து ஒரு கையால் அழுத்திக்கொள்ளலாம்.

முதலில் உலர்ந்த தூரிகையால் மேல் தூசியைத் தள்ளிவிட வேண்டும். இதைச் செய்யாமல் நனைத்தால் தூசி சேறாகிப் பள்ளத்தில் இறங்கும். பக்தித் தட்டுகளில் இது ரொம்ப முக்கியம். கோயில் கொடையில் ஓடிய தட்டில் விபூதியும் மஞ்சளும் சர்வசாதாரணமாக இருக்கும். அவற்றை ஈரத்தோடு தேய்த்தால் நீங்களே உப்புக்காகிதம் போட்டதாகிவிடும். பிறகு சோப்புத் தண்ணீரை ஊற்றி, மிருதுவான அகலத் தூரிகையால் வட்டமாக, பள்ளம் போகும் திசையிலேயே மெல்ல ஓட்டுங்கள். குறுக்கே தேய்க்கவே கூடாது. எல்.பி.யின் ஒரு பக்கத்துப் பள்ளத்தை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் வரும். அவ்வளவு தூரத்துக்கும் அழுக்கு ஊறி வெளியே வர அவகாசம் கொடுக்க வேண்டும். தூரிகைக்குப் பின்னால் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறுவதைப் பார்க்கும்போது வரும் திருப்தி, பழக்கப்பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் சுத்தமான டிஸ்டில்டு வாட்டரால் அலசி, நூல் உதிராத துணியால் ஒற்றி, தட்டு அடுக்கும் ஸ்டாண்டில் நிறுத்தி வையுங்கள். ஃபேனுக்குக் கீழே வேண்டாம், ஃபேன் உலர்த்துவதைவிடத் தூசி போடுவது அதிகம். காய்ந்ததும் பழைய உள்ளுறைக்குள் திருப்பிப் போடுவது, குளித்துவிட்டு அழுக்குச் சட்டையை மாட்டுகிற கதை. புது உள்ளுறைக்கு ஆகும் சில ரூபாயில் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். அடுக்கும்போது நிறுத்தித்தான் வைக்க வேண்டும். படுக்கப் போட்டால் அடியில் இருப்பதன் கதி அதோகதி. மழைக்காலத்தில் அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்தால் பூஞ்சை பாதி குறையும்.

பிடிவாதமான எண்ணெய்ப் பிசுக்குக்குச் சிலர் தண்ணீரோடு கொஞ்சம் ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் சேர்ப்பார்கள். வினைல் தாங்கும். 78-ஐ மட்டும் ஸ்பிரிட் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஆசாரி மர பாலிஷுக்கு அரக்கைக் கரைப்பதே ஸ்பிரிட்டில்தான்; அதே அரக்குதான் உங்கள் தட்டும். ஒரு துடைப்பில் கிட்டப்பாவின் குரலே துணியில் வந்துவிடும். 78-க்குச் சோப்புத் தண்ணீர், சட்டென்று ஒரு கழுவு, உடனே ஈரம் ஒற்றுதல். அவ்வளவுதான்.

முள்ளும் பெட்டியும்

கழுவிய தட்டை எதில் போடுவது? தாத்தா காலத்து எச்.எம்.வி. ஃபியஸ்டா பரணில் இருந்தால் ஆசையாகத்தான் இருக்கும். அதன் செராமிக் கார்ட்ரிட்ஜ் தட்டின்மேல் அழுத்தும் கனம், நல்ல மேக்னெட்டிக் கார்ட்ரிட்ஜின் இரண்டு கிராம் அளவைப்போல் இரு மடங்குக்கும் மேல். ஐம்பது வருஷத்து மொண்ணை முள்ளும் சேர்ந்துகொண்டால் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பாட்டு செதுக்கப்படும். இப்போது விற்கும் மலிவான சூட்கேஸ் பிளேயர்களில் பலவும் இதே ஜாதிதான், பெயின்ட் மட்டும் புதுசு. நல்ல தட்டு வாங்க வைத்திருக்கும் பணத்தில் முதலில் முள்ளுக்கு ஒதுக்குங்கள். வைர முள் 500-லிருந்து 1,000 மணி நேரம் வரை தாங்கும். 78 கேட்பதென்றால் தனி முள் வேண்டும். அதன் நுனி எல்.பி. முள்ளைப்போல் நாலு மடங்கு பருமன். எல்.பி. முள்ளை 78-இல் போட்டால் அகலமான பள்ளத்தின் அடியில் உட்கார்ந்து இரைச்சலை மட்டும் பொறுக்கிக்கொண்டு வரும்.

ஒவ்வொரு பக்கத்திலும் கடைசிப் பாட்டு ஏன் கொஞ்சம் கரகரக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. சுழலும் வேகம் ஒன்றுதான் என்றாலும் வெளி விளிம்பில் ஒரு விநாடிக்கு அரை மீட்டர் பள்ளம் முள்ளைக் கடக்கிறது, உள் வளையத்தில் கால் மீட்டர்கூடக் கிடையாது. அதே சங்கதிகளைப் பாதி இடத்துக்குள் நெருக்கி எழுதியிருக்கிறார்கள். டி.எம்.எஸ். உச்சஸ்தாயியில் பிடிக்கும் பாட்டு அந்த இடத்தில் அமைந்துவிட்டால் முள்ளுக்குத் திண்டாட்டம்தான்.

தட்டில் மட்டும் இருப்பது

எல்லாம் போனில் கிடைக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ‘வினைல் ஒலியின் கதகதப்பு’ என்று உருகுகிறவர்கள் கூட்டத்தில் நான் இல்லை. நல்ல தட்டு நன்றாக ஒலிக்கும். மோசமான தட்டைவிட நல்ல டிஜிட்டல் பிரதி மேல். என் காரணம் வேறு: சில குரல்களும் சில பாட்டுகளும் தட்டில் மட்டும்தான் பிழைத்திருக்கின்றன.

எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இறந்தபோது அவருக்கு 27 வயது. பேசும் படத்தில் அவர் நடிக்கவில்லை. நாடக மேடையில் அவர் பாடியதைக் கேட்டவர்கள் யாரும் இன்றில்லை. மிச்சம் இருப்பது 78 தட்டுகள் மட்டுமே. வீணை தனம்மாளின் விரல்கள் 1932-இல் கொலம்பியாவுக்காகப் பதிவானதால்தான் நமக்குக் கேட்கின்றன. முப்பதுகளில் சினிமாப் பாட்டைப் படத்துக்கு ஒருமுறையும் தட்டுக்காக இன்னொரு முறையும் பாடுவார்கள். படச்சுருள் அழிந்துபோன படங்களுக்குத் தட்டே சாட்சி. படத்தில் வெட்டுப்பட்டும் தட்டில் தங்கிவிட்ட பாட்டுகள் பிற்காலத்திலும் உண்டு. வி.ஏ.கே. ரங்காராவ் போன்றவர்கள் ஆயிரக்கணக்கில் 78-களைக் கட்டிக்காக்காவிட்டால் இந்தச் சரித்திரத்தில் பெரிய ஓட்டை விழுந்திருக்கும்.

அமெரிக்காவில் 2022-இல் விற்ற வினைல் எண்ணிக்கை சி.டி.யை முந்தியது, 1987-க்குப் பிறகு அதுவே முதல் தடவை. இங்கேயும் பழைய ஆல்பங்கள் புதுத் தட்டாக அச்சாகி, பளிச்சென்ற உறையில் ஆயிரங்களில் விலை போட்டு வருகின்றன. வாங்குவதில் தவறில்லை. ஆனால் அதே விலையில் பழைய ஈ.பி. ஒரு கட்டே வாங்கலாம். புது அச்சில் பலவும் ஏற்கெனவே டிஜிட்டல் ஆன பிரதியிலிருந்து எடுத்தவை என்பதால் போனில் கேட்டதே திரும்பக் கேட்கும். மறுபக்கத்துப் பாட்டு புது அச்சில் வரப்போவதும் இல்லை. வியாபாரிக்கு வேண்டியது ஹிட்.

வீட்டுப் பரணில் ஒரு பெட்டி இருந்து, கேட்கிற ஆர்வம் உங்களுக்கு இல்லையென்றால் எடைக்குப் போட அவசரப்படாதீர்கள். லேபிளையும், பாட்டு முடிந்து முள் சும்மா சுற்றும் வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் போட்டோ எடுங்கள். எந்தப் பதிப்பு என்று அந்த எண்தான் சொல்லும். இருப்பவை 78-களாக, அதுவும் நாடகப் பாட்டு, கர்நாடக இசை, காந்தி காலத்து தேசியப் பாட்டு என்று இருந்தால் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். அனுப்புவதென்றால் 78-களைத் தனித்தனியாக அட்டை வைத்து, நிமிர்த்தி, அசையாமல் கட்ட வேண்டும், எல்.பி.யை உறையிலிருந்து எடுத்து உள்ளுறையோடு வெளியே வைத்துக் கட்டினால் வழியில் உறை கிழியாது. மைக் செட்காரர் எழுதிய எண்ணைத் தின்னர் போட்டு அழிக்க வேண்டாம். அந்தப் பெட்டியில் 1-லிருந்து 113 வரை இருந்தவை எங்கே போயின என்று யாராவது ஒருவர் தேடிக்கொண்டிருக்கலாம்.